ஆசிரிய உதவியாளர்: கடிதத்தில் உதவி, வகுப்பில் முழுச்சுமை

மலையகப் பாடசாலைகளில் ஆசிரியர் போதாது என்ற பேச்சு எழும்போதெல்லாம் ஆட்சியில் இருப்போர் ஒரே மருந்தைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். ஆசிரியரைத் தருகிறோம் என்று சொல்வதில்லை. ஆசிரிய உதவியாளரைத் தருகிறோம் என்கிறார்கள். தேர்தல் நெருங்கினால் அந்த எண்ணிக்கை கூடுகிறது, தேர்தல் முடிந்தால் கோப்பு அலுமாரிக்குள் போய்விடுகிறது. இந்த மருந்து யாருக்கு, எந்த அளவில், யாருடைய பொறுப்பில் கொடுக்கப்படுகிறது என்பதைப் பற்றித் தொழிலாளர் இயக்கம் தெளிவாகப் பேச வேண்டிய காலம் வந்துவிட்டது.

இந்த விடயத்தில் எமக்கு இரட்டைப் பொறுப்பு இருக்கிறது. உதவியாளராக நியமனம் பெறும் இளைஞனும் யுவதியும் லயத்தில் பிறந்து, தாய் பறித்த கொழுந்தின் காசில் உயர்தரம் வரை படித்தவர்கள். அவர்கள் முன்னால் வாங்கில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையும் எமது அங்கத்தவரின் பிள்ளைதான். ஒருவரின் உழைப்பு சுரண்டப்படக் கூடாது, மற்றவரின் படிப்பு பாழாகக் கூடாது. இந்த இரண்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுவது எமக்குச் சுலபம். ஆனால் அது நியாயமாகாது.

கதையைத் தொடக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் 6 வயதிலிருந்து 10 வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குப் படிப்பு வழங்கும் கடமையைத் தோட்ட நிர்வாகத்தின் தலையில் வைத்தது. நிர்வாகம் அந்தக் கடமையை எப்படி நிறைவேற்றியது என்பது எமது மூத்தவர்களுக்குத் தெரியும். ஒரே கொட்டில், ஒரே ஆசிரியர், ஐந்து வகுப்பு. 1945இல் நாட்டில் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலை துரையின் கையிலேயே இருந்தது. தோட்டங்கள் அரசுடைமையான பின்னர், 1977 முதல்தான் அரசாங்கம் அவற்றைக் கட்டங்கட்டமாகப் பொறுப்பேற்றது. நாட்டின் மற்றப் பிள்ளைகளுக்கும் எமது பிள்ளைகளுக்கும் இடையில் ஒரு தலைமுறைக்கும் மேலான இடைவெளி அப்போதே விழுந்துவிட்டது.

அந்த இடைவெளியை நிரப்ப முதலில் வந்தவர்கள் எமது பிள்ளைகளே. 1980களிலும் 90களிலும் தோட்டத்தில் படித்துத் தேறிய இளைஞர்களை ஆசிரியர்களாக எடுத்து, வேலையில் இருக்கும்போதே பயிற்சியும் கொடுத்தார்கள். சுவீடன் நாட்டின் சீடா நிறுவனத்தின் உதவியோடு நடந்த தோட்டப் பாடசாலை அபிவிருத்தித் திட்டமும், ஜேர்மன் உதவியோடு பத்தனையில் எழுந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியும், கொட்டகலை ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையும் அந்த வேலையில் பங்கெடுத்தன. இன்று மலையகத்தில் அதிபர்களாகவும் கல்வி அதிகாரிகளாகவும் இருப்போரில் பலர் அந்தப் பாதையில் வந்தவர்கள். ஆகவே தோட்டத்து இளைஞரை எடுத்துப் பயிற்றுவித்தால் தரம் விழுந்துவிடும் என்று சொல்வோருக்கு எமது பதில், இந்தப் பாடசாலைகளைத் தூக்கி நிறுத்தியவர்கள் யார் என்று போய்ப் பாருங்கள் என்பதுதான்.

ஆனால் 2014இல் அறிவிக்கப்பட்டு அடுத்த ஆண்டுகளில் நடந்த நியமனம் வேறு வகையானது. பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கென மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரிய உதவியாளர்களை எடுத்தார்கள். உயர்தரம் சித்தியடைந்தவர்கள் ஆயிரக்கணக்கில் விண்ணப்பித்தார்கள். கையில் கிடைத்தது ஆசிரியர் நியமனம் அல்ல, உதவியாளர் நியமனம். கிடைத்த பணமும் சம்பளம் அல்ல, கொடுப்பனவு. மாதம் 6,000 ரூபா.

அந்த 6,000 ரூபாவை எமது கணக்கில் போட்டுப் பார்ப்போம். அப்போது நடைமுறையில் இருந்த 2013ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தப்படி தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 450 ரூபா. வரவுக் கொடுப்பனவு 140, விலைப் பங்குக் கொடுப்பனவு 30, எல்லாம் சேர்த்து 620 ரூபா. அதாவது மலையில் பத்து நாள் முழுப்பேர் போட்ட அம்மாவுக்குக் கிடைத்ததைவிட, மாதம் முழுவதும் வகுப்பில் நின்ற மகளுக்குக் கிடைத்தது குறைவு. பிள்ளையைப் படிக்க வைத்தால் மலையிலிருந்து விடுதலை என்று நம்பிய குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய அவமானம் இல்லை. தூரத்துத் தோட்டத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போனவர்களுக்கு அந்தக் காசு வழிச்செலவுக்கே சரியாய்ப் போனது. மீதியை வீட்டிலிருந்து கொடுத்தார்கள். மலையகத்தின் கல்விக்கு அரசாங்கம் மானியம் கொடுத்தது என்று பதிவேட்டில் இருக்கும். உண்மையில் தோட்டத் தொழிலாளிதான் அரசாங்கத்துக்கு மானியம் கொடுத்தார்.

பல கோரிக்கைகளுக்குப் பின்னர் அந்தத் தொகை 10,000 ரூபாவாக உயர்ந்தது. பயிற்சியை முடித்தவர்களும் பட்டம் பெற்றவர்களும் கட்டங்கட்டமாக இலங்கை ஆசிரியர் சேவைக்குள் உள்வாங்கப்பட்டார்கள். ஒரே கடிதத்தோடு வேலைக்கு வந்தவர்களில் ஒருவர் முன்னதாகவும் இன்னொருவர் பின்னதாகவும் ஆசிரியரானார்கள். அவர் எந்த மாகாணத்தில் இருந்தார், அவருடைய கோப்பு யாருடைய மேசையில் கிடந்தது என்பதே அதைத் தீர்மானித்தது. உழைத்த காலம் ஒன்றாயிருக்க, சேவைக்காலம் வேறாகிப்போனது.

பெயர்தான் உதவியாளர். வேலை? உதவியாளர் என்றால் பயிற்றப்பட்ட ஆசிரியர் ஒருவர் வகுப்பில் இருக்க வேண்டும், பின்தங்கிய நான்கு பிள்ளைகளோடு உதவியாளர் தனியே உட்கார வேண்டும், எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளையின் கையைப் பிடித்து எழுதப் பழக்க வேண்டும். விசேட தேவையுள்ள பிள்ளை ஒன்று இருந்தால் அதன் பக்கத்தில் நிற்க வேண்டும். இப்படியான உதவியாளர் எமது பாடசாலைகளுக்கு நிச்சயம் தேவை. வீட்டில் பாடம் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைக்கு வகுப்பில் இன்னொரு பெரியவர் இருப்பது பெரிய வரம். காது சரியாகக் கேளாத பிள்ளையும் நடக்க முடியாத பிள்ளையும் லயத்துக் காம்பராவிலேயே முடங்கிக் கிடப்பதற்கு, பாடசாலையில் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததும் ஒரு காரணம்.

ஆனால் நடந்தது அதுவல்ல. உதவி பெற வேண்டிய ஆசிரியரே பாடசாலையில் இல்லை. உயர்தரத்தில் கலைப்பிரிவில் தேறியவரிடம் கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் ஆங்கிலத்தையும் கொடுத்தார்கள். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர் இருக்கும் சிறிய பாடசாலையில் உதவியாளர் முதல் நாளே முழு வகுப்பாசிரியர் ஆனார். பயிற்சி பின்னால் வரும் என்றார்கள். நீச்சல் பின்னால் பழக்குவோம், முதலில் ஆற்றில் இறங்கு என்பது போன்றது இது. அதிலும் அந்த ஆற்றில் அவர் தனியாக இறங்கவில்லை, நாற்பது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இறங்கினார்.

ஐ.எல்.ஓ.வும் யுனெஸ்கோவும் 1966இல் ஆசிரியர்களின் நிலை பற்றி வெளியிட்ட பரிந்துரை இந்த இடத்தில் தெளிவாக இருக்கிறது. ஆசிரியர் பற்றாக்குறை கடுமையாகும்போது எடுக்கும் வழிகள் விதிவிலக்கானவை என்று ஏற்றுக்கொள்ளப்பட வேண்டும், அவை தொழிலின் தரத்தைக் குலைக்கக் கூடாது, மாணவர்களுக்கு ஏற்படும் இழப்பு முடிந்தவரை குறைக்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். மலையகத்திலோ விதிவிலக்கே விதியாகிவிட்டது. பட்டதாரிகள் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற பெயரில் பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்டு, ஆசிரியர் வேலையைச் செய்துகொண்டே ஆசிரியர் சேவைக்குள் எடுக்கும்படி வீதியில் நின்று கேட்டதையும் நாடு பார்த்தது. தொண்டர் ஆசிரியர், உதவியாளர், பயிலுநர், உத்தியோகத்தர் என்று பெயர்கள் மாறுகின்றன. குறைந்த காசுக்கு முழு வேலை வாங்கும் வழக்கம் மாறவில்லை. கைக்காசு முறையை அனுபவித்த தோட்டத் தொழிலாளிக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆட்சேர்ப்பு எப்படி நடக்கிறது என்பதும் முக்கியம். வர்த்தமானியில் அறிவித்தல் வந்து, தகுதியும் புள்ளித்திட்டமும் முன்கூட்டியே வெளியிடப்பட்டு, நேர்முகத் தேர்வின் புள்ளிகளும் பெயர்ப்பட்டியலும் பகிரங்கமாக ஒட்டப்பட்டால் யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. அப்படி நடக்காத இடத்தில் பட்டியல் அரசியல்வாதியின் வீட்டு வாசலில் எழுதப்படுகிறது. கடிதம் வாங்கியவர் வாழ்நாள் முழுதும் கடிதம் கொடுத்தவருக்குக் கடன்பட்டவராகிறார், கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பவராகிறார். அவர் வகுப்புக்கு வராவிட்டால் அதிபர் கேட்கப் பயப்படுகிறார். எந்தக் கட்சியின் சிபாரிசும், எந்தத் தொழிற்சங்கத்தின் சிபாரிசும், எமது சங்கத்தின் கடிதத் தலைப்பும் உட்பட, ஒரு பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தரும் தகுதி ஆகாது. இதை எமது அங்கத்தவர்களுக்கு வெளிப்படையாகவே சொல்கிறோம்.

இன்னொரு வகை ஆட்சேர்ப்பு ஓசையில்லாமல் நடக்கிறது. ஆளணி வெற்றிடம் நிரப்பப்படாமல் இருக்கும்போது பெற்றோர் காசு சேர்த்து, படித்த பிள்ளை ஒன்றை வகுப்புக்கு வைக்கிறார்கள். மனம் நல்லது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு நியமனக் கடிதம் இல்லை, பயிற்சி இல்லை, ஏதும் நடந்தால் பொறுப்பேற்க ஆளில்லை. பெற்றோர் காசால் வகுப்பு நடக்கும் வரை அந்த வெற்றிடத்தை நிரப்பும் அவசரமும் வலயக் கல்விப் பணிமனைக்கு வருவதில்லை.

இனிப் பொறுப்புக்கூறலைப் பற்றிப் பேசுவோம். இதைப் பேசும்போது சிலருக்குச் சங்கடம் வரும் என்பது எமக்குத் தெரியும். உதவியாளர் பிந்தி வருகிறார், வந்தாலும் கைபேசியில் இருக்கிறார், பிள்ளைகளைக் கொண்டு தோட்டம் கொத்துவிக்கிறார் என்று பெற்றோர் முறையிடுகிறார்கள். தம்மை எழுதுவினைஞராகவும் காவலாளியாகவும் அதிபரின் தனிவேலைக்காரராகவும் நடத்துகிறார்கள், பாடக்குறிப்பு எழுதச் சொல்லித்தரவே யாரும் இல்லை என்று உதவியாளர்கள் முறையிடுகிறார்கள். இந்த இரண்டு முறைப்பாட்டையும் எதிரெதிராக நிறுத்தக் கூடாது. இரண்டும் ஒரே ஓட்டையால் ஒழுகும் தண்ணீர். உதவியாளரின் வேலை இன்னதென்று எழுதிக் கொடுக்கப்படவில்லை. எழுதப்படாத வேலைக்கு யாரும் கணக்குக் கேட்கவும் முடியாது, கணக்குக் கொடுக்கவும் முடியாது.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் எமக்கு ஒரு பழைய அனுபவம் உண்டு. பறித்தவரின் கூடையைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள், தராசு சரியா என்று யாரும் பார்ப்பதில்லை. பாடசாலையிலும் அதுவே நடக்கிறது. பரீட்சைப் பெறுபேறு விழுந்தால் மிகக் குறைந்த காசு வாங்கும் உதவியாளர் பக்கம் விரல் நீட்டப்படுகிறது. அவரை மேற்பார்வை செய்ய வேண்டிய அதிபர், வகுப்புக்கு வந்து வழிகாட்ட வேண்டிய ஆசிரிய ஆலோசகர், கோட்டக் கல்விப் பணிப்பாளர், வலயப் பணிமனை, மாகாண கல்வித் திணைக்களம், அமைச்சு என்று ஏணி மேலே போகிறது. ஆலோசகர் எத்தனை முறை அந்த வகுப்புக்கு வந்தார்? இங்கே ஆளணியில் பெயர் இருக்கும் பயிற்றப்பட்ட ஆசிரியர் ‘இணைப்பு’ என்ற பெயரில் நகரப் பாடசாலைக்குப் போக யார் அனுமதித்தார்? கீழ்ப்படியில் நிற்பவரிடம் மட்டும் கேட்பதைப் பொறுப்புக்கூறல் என்று நாம் ஏற்க மாட்டோம்.

அதேநேரம் கீழ்ப்படியில் நிற்பவர் எதற்கும் பதில் சொல்லத் தேவையில்லை என்றும் நாம் சொல்லவில்லை. குறைந்த சம்பளம் பிள்ளையை ஏமாற்றும் உரிமையைத் தராது. 7.30க்கு மணி அடிக்கும்போது வகுப்பில் இருக்க வேண்டும். வரவுப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போகக் கூடாது. நாளை என்ன படிப்பிக்கப் போகிறோம் என்பதை இன்றே எழுதி வைக்க வேண்டும். பின்தங்கிய பிள்ளையின் பெயரைச் சொல்லி அது மூன்று மாதத்தில் என்ன கற்றது என்று பெற்றோருக்குக் காட்ட வேண்டும். இதைச் செய்பவரைத் தலையில் வைத்துக் கொண்டாடுவோம். செய்யத் தெரியாதவருக்குப் பயிற்சி கேட்போம். தெரிந்தும் செய்யாதவருக்காகக் கொடி பிடிக்க மாட்டோம்.

ஒரு விடயத்தில் மட்டும் விட்டுக்கொடுப்புக்கு இடமே இல்லை. பிள்ளைகளை அடிப்பதைத் தடை செய்து கல்வியமைச்சு சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அடிக்காமல் தோட்டப் பிள்ளை படிக்காது என்று சொல்பவர், கங்காணியின் பிரம்பை வகுப்புக்குள் கொண்டு வருகிறார். அதைவிட மோசமான துன்புறுத்தல் நடந்தால், அதைத் தோட்ட கமிட்டியிலோ கோயில் வாசலிலோ பேசித் தீர்க்கக் கூடாது. குடும்ப மானம், தோட்டத்தின் பெயர், நம்ம ஆள் என்ற எந்தக் காரணமும் செல்லாது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கம் எந்த நேரமும் அழைக்கக்கூடியது. எமது தோட்டத் தலைவர்கள் அதை மனப்பாடம் செய்திருக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் அங்கத்தவராக இருந்தால் அவருக்கு முறையான விசாரணை கிடைக்க வேண்டும் என்று சங்கம் கேட்கும். முறைப்பாடு செய்த தாயை வாயடைக்கச் சங்கத்தின் பெயரை யாரும் பயன்படுத்தக் கூடாது.

முடியாத காரியத்தை நாம் கேட்கவில்லை. தோட்டத்திலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் பிள்ளைக்காம்பராவில் மலைக்குப் போக முடியாத முதிய ஆயம்மா ஒருவர் தொட்டிலை ஆட்டிக்கொண்டு இருப்பார். இன்று அதே இடம் சிறுவர் அபிவிருத்தி நிலையம். அங்கே பயிற்சி பெற்ற சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார். பதவிக்குப் பெயர் கொடுத்து, பயிற்சி கொடுத்து, செய்ய வேண்டிய வேலையை எழுதிக் கொடுத்ததால் அந்த மாற்றம் வந்தது. குறைகள் இன்னும் உண்டு. ஆனாலும் தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்குச் செய்ய முடிந்ததை வாங்கில் இருக்கும் பிள்ளைக்கு ஏன் செய்ய முடியாது?

எமது கோரிக்கைகள் இவை. முதலாவது, ஆசிரியர் வெற்றிடம் ஆசிரியராலேயே நிரப்பப்பட வேண்டும். உதவியாளர் ஆசிரியருக்கு மேலதிகம், ஆசிரியருக்குப் பதில் அல்ல. இரண்டாவது, உதவியாளர் எடுக்கப்பட்டால் கொடுப்பனவு அல்ல, வாழக்கூடிய சம்பளம் வேண்டும். உயர்தரம் படித்துவிட்டு வந்தவர் மலையில் பேர் போடுபவரைவிடக் குறைவாக வாங்கும் நிலை திரும்பி வரக் கூடாது. மூன்றாவது, வகுப்புக்குள் போகுமுன் அடிப்படைப் பயிற்சி, பின்னர் கலாசாலைப் பயிற்சி, அதன் பின் குறித்த திகதியில் ஆசிரியர் சேவைக்குள் உள்வாங்கல் என்ற மூன்று படியும் நியமனக் கடிதத்திலேயே எழுதப்பட வேண்டும். நான்காவது, புள்ளித்திட்டமும் தெரிவுப் பட்டியலும் பகிரங்கமாக வேண்டும். தமிழ்மொழி மூலம் படிப்பிக்கக்கூடிய, அந்தப் பிரதேசத்தைச் சேர்ந்தவர்களுக்கு முன்னுரிமை வேண்டும். அதற்கு ஈடாக, நியமனம் பெற்ற தோட்டப் பாடசாலையில் குறித்த காலம் கட்டாயம் சேவை செய்ய வேண்டும். ஐந்தாவது, வேலை விபரம், தவணைக்கு ஒரு முறையாவது ஆலோசகரின் வகுப்பறை மேற்பார்வை, அதன் எழுத்துமூல அறிக்கை, முறைப்பாட்டுக்குக் காலவரையறையோடு பதில் ஆகியவை வேண்டும்.

கோரிக்கை வைத்துவிட்டுக் காத்திருந்தால் காத்திருப்பே மிஞ்சும். அங்கத்தவர்கள் செய்யக்கூடியவை உண்டு. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போங்கள். வேலை நாளில் காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால் மலையில் நிற்கும் தாய் எப்படி வருவார்? வேலை முடிந்த பின் அல்லது ஞாயிற்றுக்கிழமை வைக்கும்படி அதிபரிடம் எழுத்தில் கேளுங்கள். கூட்டத்தில், எத்தனை ஆசிரியர் இருக்க வேண்டும், எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை பேர் இணைப்பில் வெளியே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வலயக் கல்விப் பணிமனையின் தகவல் அதிகாரியிடம் விண்ணப்பம் கொடுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்கள் மாவட்டக் காரியாலயத்துக்கு வாருங்கள், எழுதித் தருவோம். மாதர் சங்கத் தலைவிகள் இதை முன்னின்று செய்தால் வேகமாக நடக்கும். பிள்ளையின் கொப்பியை இரவில் புரட்டிப் பார்ப்பவர்கள் அவர்கள்தான்.

இன்று உதவியாளராக வேலை செய்யும் எமது தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் நியமனக் கடிதம், வரவுப் பதிவின் பிரதி, நீங்கள் படிப்பித்த வகுப்புகளின் நேரசூசி, பாடக்குறிப்பு எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள். நாளை சேவைக்காலத்தைக் கணக்கெடுக்கும்போது உங்களுக்காகப் பேசப்போவது அந்தக் கடதாசிகள்தான். ஒருவர் ஒருவராகப் போய் அரசியல்வாதியின் வாசலில் நிற்காதீர்கள், ஒன்றாக வாருங்கள். உங்கள் சம்பளத்துக்காக உங்கள் மாணவரின் அம்மாவும் அப்பாவும் வீதிக்கு வருவார்கள். அவர்கள் வரவேண்டுமானால், தங்கள் பிள்ளைக்காக நீங்கள் வகுப்பில் நின்றதை அவர்கள் பார்த்திருக்க வேண்டும்.